நாலு இஞ்சு தண்ணீர்

எங்கள் ஊரில் தண்ணீரை இஞ்சுக் கணக்கில்தான் பேசுவோம். குஜிலியம்பாறையிலிருந்து உள்ளே போக வேண்டிய மானாவாரி ஊர் அது. மழை பெய்தால் கடலை, சோளம். பெய்யாவிட்டால் ஆடு. யாராவது போர் போட்டால், “எத்தனை அடி?” என்பது முதல் கேள்வி. “எத்தனை இஞ்சு?”, அதாவது தண்ணீர் எவ்வளவு கனமாக வருகிறது என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வியே கிடையாது. அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடிகிறதா என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வந்ததே பெரிது என்று இருக்கிறவர்கள் ருசியைப் பற்றி எங்கே பேசப் போகிறார்கள்.

அப்பா எங்கள் காட்டில் மூன்று தடவை போர் போட்டார். மூன்றும் பொய்த்துவிட்டன. கடைசித் தடவை ஆயிரம் அடியைத் தாண்டியும் வெள்ளைத் தூசிதான் வந்தது. அவரைக் கொடி, ஆட்டுக் கொட்டகை, அப்பாவின் மீசை எல்லாவற்றின் மேலும் அந்தத் தூசி படிந்தது. இரண்டு நாள் அவர் குளிக்காமல் அப்படியே திரிந்தார். அதற்குப் பிறகு அண்ணன் போர் போடும் ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்துகொண்டான். நம் காட்டில்தான் வரவில்லை, ஊரான் காட்டிலாவது தண்ணீர் வருவதைப் பார்க்கிறேன் என்று அவன் சொன்னது பாதி விளையாட்டு, பாதி உண்மை.

நான் வாழ்க்கைப்பட்டது ராமநாதபுரம் பக்கம், கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லில் நான் வேலை பார்த்தபோது என் வீட்டுக்காரர் அங்கே வேன் ஓட்டினார். மற்றதை விவரிக்கத் தேவையில்லை. அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு சம்மதித்தார். “கடல் பக்கத்துல குடுக்குறீங்க, தண்ணிக்காவது கஷ்டம் இருக்காது” என்று எங்கள் தெருவில் ஒருவர் அவருக்கு ஆறுதல் சொன்னார். அதை அப்பாவும் நம்பினார். மில்லில் கணக்குப் பார்க்கும் அளவுக்குப் படித்திருந்த நானும் நம்பினேன்.

அந்தக் கடலோர ஊரில் ஐம்பது வீடுகூட இராது. மணல், பனை, கொஞ்சம் தென்னை, எங்கு திரும்பினாலும் உடைமரம். எங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியாது, சத்தம்தான் கேட்கும். தெருவில் குழாய் இருக்கிறது. திறந்தால் முதலில் காற்று வரும், அதன் பிறகு நம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்துத் தண்ணீர் வரும். கேன் தண்ணீர் வண்டி வருகிறது, ஆனால் ஒரு குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கு. குடிக்கவும் உலை வைக்கவும் ஊத்துத் தண்ணீர்தான்.

தெருவுக்குப் பின்னால் மணல் மேட்டுக்குக் கீழே ஒரு பள்ளம் உண்டு. அங்கே இடுப்பளவுக்கு மணலைத் தோண்டினால் ஓரமெல்லாம் தண்ணீர் கசியும். அதுதான் ஊத்து. உள்ளே இறங்கிக் குந்தி, சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்ற வேண்டும். நாலு சிரட்டை அள்ளினால் வற்றிவிடும். செத்த நேரம் பொறுத்திருந்தால் மறுபடி ஊறும். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆகும். பள்ளத்துக்குள் செருப்புப் போட்டு இறங்கக் கூடாது. ஊத்தை ஆழமாகத் தோண்டவே கூடாது. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரி நிற்கிறதாம். பாலாடையைத் தாண்டிக் கையை விட்டால் உப்புதான் வரும் என்று என் மாமியார் சொன்னார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

“எங்க ஊர்ல ஆயிரம் அடி போனாத்தான் அத்தை தண்ணிங்கிற பேச்சே” என்றேன்.

“அது உங்க ஊரு” என்றார் அத்தை.

அப்பா என்னைத் தலைதீபாவளிக்கு அழைக்க வந்தார். சொல்லாமல் வந்துவிட்டார். நான் ஊத்துக்குள் குந்தி அள்ளிக்கொண்டிருந்தேன். மேலே மணல் மேட்டில் யாரோ நிற்பது போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அப்பா, கையில் துணிப்பையோடு. என்னைப் பார்த்தார், சிரட்டையைப் பார்த்தார், பாதி நிறைந்த குடத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து பையை வைத்தார். அத்தை கொடுத்த சொம்பை வாங்கித் திண்ணைமேல் வைத்தார், குடிக்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு எட்டு வருடம் அவர் வரவில்லை. மகள் பிறந்து நான் அம்மா வீட்டிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்து விட அண்ணனை அனுப்பினார். அவளுக்குக் காது குத்தியபோதும் அண்ணன்தான் வந்தான். எப்போது கூப்பிட்டாலும், “ஆட்டப் பாக்க ஆளில்ல தாயி” என்பார். மந்திரி வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட அப்படி ஒரு காவல் இருந்திருக்காது. எனக்குக் கோபம் கோபமாக வரும். அம்மாதான் ஒருநாள் போனில் சொன்னாள், “ஒன்ன அந்தக் குழிக்குள்ள பாத்ததுலேருந்து அந்தாளுக்கு மனசு ஆறலடி. தண்ணியில்லாத வீட்டுல பொண்ணக் குடுத்துட்டேன்னு பொலம்புறாரு.”

எனக்கு அந்தக் குழி பழகிவிட்டது, அது அவருக்குத்தான் பழகவில்லை. நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அப்பா என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். கல்யாணமான எல்லாப் பெண்களுக்கும் நடக்கிற சாதாரண காரியம், எனக்கு மட்டும் எட்டு வருடமாக நடக்கவில்லை.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். “ஒன் வீட்டுல ஒரு போரு போட்டுத் தந்துட்டுத்தான் அந்த வாசப்படிய மிதிப்பேன்” என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று முழுவதும் எனக்குச் சிரிப்பாகவே இருந்தது.

மாசி மாதம் அண்ணனுடைய ரிக் வண்டிக்கு ராமநாதபுரம் பக்கம் வேறொரு வேலை இருந்தது. அதை முடித்துவிட்டு முதலாளியிடம் கேட்டு எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தான். தெருவுக்குள் அந்த லாரி நுழைந்தபோது கோழிகள் எல்லாம் கூரை ஏறிவிட்டன.

“மணலுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய வண்டி? ரெண்டு பேரு கையால போடுற போரு போதுமே” என்றார் எதிர்வீட்டு மதினி. அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட. எனக்குச் சிரட்டை பிடிக்கவும், குடத்தைச் சிந்தாமல் தலைக்கு ஏற்றவும் பழக்கிவிட்டது அவர்தான். “இருவது அடிக்குக் கீழ போகாதீக” என்றும் சொன்னார்.

அண்ணன் சிரித்தான். இருபது அடி என்பது எங்கள் ஊரில் போர்க் கணக்கிலேயே சேராது, கக்கூஸ் குழிக்குத் தோண்டுகிற ஆழம். நான் அவனைவிட அதிகமாகச் சிரித்தேன்.

பதினெட்டு அடியில் தண்ணீர் வந்தது. அத்தை ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்து, “எளநி கணக்கா இருக்கு. இதோட நிறுத்துங்கப்பா” என்றார். அண்ணன் அப்பாவுக்குப் போன் போட்டான்.

“பதினெட்டு அடியா? அது மழத்தண்ணிடா. சித்திரை வரைக்குங்கூட நிக்காது. எறக்கு” என்றார் அப்பா.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் அந்த ஊர்க்காரர், அவருக்குத் தெரியும். ஆனால் போர் போட்டுத் தருவது மாமனார், அதில் குறுக்கே விழ முடியாது. என்னை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கண்ணாலேயே கேட்டார். “எறக்கச் சொல்லுங்க” என்றேன். என் பிறந்த வீட்டுக்குத் தெரியாத தண்ணீரா என்ற திமிர்தான், வேறொன்றுமில்லை.

நூற்று நாற்பது அடியில் பீறிட்டது. கம்ப்ரசர் காற்றில் தண்ணீர் தென்னை உயரத்துக்கு எழும்பி விழுந்தது. வண்டியில் வந்த வேலைக்காரர்கள் கூவினார்கள். அண்ணன் பத்து வருடமாக அந்த வேலை பார்க்கிறான், அவனே அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததில்லையாம். “நாலு இஞ்சு! நாலு இஞ்சு!” என்று கத்திக்கொண்டே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டான். ஒருவர் தேங்காய் உடைத்தார், ஒருவர் சூடம் கொளுத்தினார். அப்பா அப்போது ஊர் டீக்கடையில் இருந்தார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் அவர் தோள்மேல் தலையை நீட்டிப் பார்த்தார்கள். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அமத்தாதடா, இன்னுங் கொஞ்ச நேரம் காட்டு” என்றார். புதிதாக யாராவது கடைக்கு வந்தால் அவர்களுக்கும் காட்டச் சொன்னார். ஒரு மணி நேரம் ஓடியது. என் அப்பாவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. நானும் நனைந்துகொண்டு நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆள் ஒருவர்கூட அந்தத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கவில்லை. நாலு இஞ்சு என்று தெரிந்த பிறகு எங்களுக்கு வேறு என்ன தெரிய வேண்டும்.

அத்தைதான் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். “உப்பு” என்றார். கம்ப்ரசர் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, விரலை நனைத்து என் வாயிலேயே வைத்தார். உப்பு. வெறும் உப்பு இல்லை, கசப்பும் கலந்த உப்பு. பிறகு அத்தை தெருவுக்குப் பின்பக்கம் கையைக் காட்டினார். வாசலில் வாய்க்கால் கட்டி ஓடிய தண்ணீர் முழுவதும் சரிவில் இறங்கி, மணல் மேட்டைச் சுற்றி, ஊத்துப் பள்ளத்தில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. தெருவின் ஏழு ஊத்தும் ஒரே குளமாகக் கிடந்தன. எதிர்வீட்டு மதினி மேட்டின்மேல் தலையில் கைவைத்து நின்றார்.

வண்டியை நிறுத்தினார்கள். இரைச்சல் அடங்கியதும் போனில் அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

“தாயி, தண்ணி எப்புடி இருக்கு?”

அவர் வாழ்க்கையில் முதல்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்கிறார். அவருக்குப் பின்னால் டீக்கடையே பதிலுக்குக் காத்து நிற்கிறது.

“இனிக்குதுப்பா” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்கு ஆறு மாதம் நாக்குத் தேய நானே காவல் நின்றேன். தெருப் பெண்கள் அதன் பிறகு ஒரு மைல் தள்ளி, அடுத்த ஊர் எல்லையில் இருக்கும் பள்ளத்துக்குத்தான் போனார்கள். அங்கே அந்த ஊர்க்காரர்கள் அள்ளி முடித்த பிறகுதான் எங்களுக்கு முறை. ஐப்பசி மழை இரண்டு பெய்தால்தான் எங்கள் ஊத்து திரும்பத் தேறும் என்றார்கள். போர்த் தண்ணீர் எதற்கும் உதவவில்லை. வீட்டுக்காரர் குளியலறைக்கும் பாத்திரம் கழுவவும் என்று ஒரு மோட்டாரைப் போட்டுப் பார்த்தார். அலுமினியப் பாத்திரம்கூடக் கறுத்தது, அதோடு மோட்டாரை அப்படியே விட்டுவிட்டார்.

என்னை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். எதிர்வீட்டு மதினி ஒன்றே ஒன்று சொன்னார். “ஊத்துக்குள்ள நாங்க செருப்பக் கழட்டிட்டு எறங்குவோம். நீ லாரியோட எறங்கிட்ட.” அதோடு என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் உண்மை தெரிந்தவன். அப்பா முகத்தைப் பார்க்கப் பயந்து இரண்டு மாதம் ஊர்ப்பக்கமே போகவில்லை. அப்பாவோ தினமும் காலையில் போன் செய்து, “தண்ணி எப்புடித் தாயி?” என்பார். நான் ஒரு மைல் நடந்து சுமந்து வந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்குவது தெரியாமல், “இனிக்குதுப்பா” என்பேன். அவர் அதைக் கடைக்காரரிடம் சொல்லி, பஸ் கண்டக்டரிடம் சொல்லி, ஆடு வாங்க வந்தவர்களிடம் சொல்லி ஊரெல்லாம் பரப்பிவிட்டார்.

ஆவணியில், “களையெடுப்பு முடிஞ்சிருச்சு. வெள்ளிக்கிழம வாரேன்” என்றார்.

எட்டு வருடமாகக் காத்திருந்த வார்த்தை. போனை வைத்த கையோடு அத்தையிடம் போய், நான் சொல்லி வைத்திருந்த பொய்யை ஒப்புக்கொண்டேன். அத்தைக்குப் போன் பேச்சு அரைகுறையாகக் காதில் விழுந்திருக்கிறது, முழுதாகத் தெரியாது.

“பொய்ய நீ சொல்லுவ, தண்ணிய நாங்க சொமக்கணுமாக்கும்” என்றார். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் கொல்லையில் பதினோரு குடம் தண்ணீர் இருந்தது. எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குடம். கடைசியாக எதிர்வீட்டு மதினி வந்தார். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், “உங்கப்பனுக்குத்தான். ஒனக்கில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் மாடி ஏறி அவ்வளவையும் அங்கிருந்த கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றினார். குழாயைத் திறந்தால் போரிலிருந்து வருவது போலவே வரும்.

அப்பா பத்து மணிக்கு வந்தார். புது வேட்டி. கையில் எங்கள் காட்டு முருங்கைக் கொம்பு மூன்று, ஈரச்சாக்கில் சுற்றியிருந்தது. வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை, நேராகக் குழாயடிக்குப் போனார். முழுக்கத் திறந்து கையை ஏந்திக் குடித்தார். நாலு கை குடித்தார். “ஆகா” என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, இதோடு போதும் என்று இருந்தது.

அவருக்குப் போதவில்லை. குழாயை அடைக்காமல் கால் கழுவினார். இரண்டு காலையும், முழங்கால் வரைக்கும், தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வாய் கொப்பளித்துத் துப்பினார், மறுபடி கொப்பளித்தார். முகம் கழுவினார். ஐம்பது வருடம் சொம்புத் தண்ணீரில் காலையும் வாயையும் முடித்துக்கொண்ட மனிதர். சொந்தத் தண்ணீர் என்று ஆனதும் கை தாராளமாகிவிட்டது. வேலிக்கு அந்தப்பக்கம் தெருப் பெண்கள் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கொப்பளிப்புக்கும் அவர்கள் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அத்தை, “வாங்கண்ணே, உள்ள வந்து உக்காருங்க” என்று மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தார்.

“இருக்கட்டும்மா. கொம்ப ஊனிட்டு வந்துர்றேன்” என்றார் அப்பா.

வேலியோரம் மூன்று குழி பறித்தார். முருங்கைக் கொம்புகளை ஊன்றினார். பிறகு ரப்பர் குழாயைக் குழாயில் மாட்டி, கொம்புகளுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆரம்பித்தார். மணல் அல்லவா, ஊற்ற ஊற்றக் குடிக்கும். முதல் கொம்புக்கு ஒரு குடம் போயிருக்கும். இரண்டாவது கொம்புக்குப் போனார். வேலிக்கு வெளியே எதிர்வீட்டு மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கால் அன்று காலை இரண்டு மைல் நடந்த கால்.

“அப்பா, அடைங்க!” என்று கத்திவிட்டேன். “அது போர்த்தண்ணி இல்ல. இவங்க தலையில சொமந்துட்டு வந்தது.”

அப்பா கையில் குழாயோடு திரும்பினார். தண்ணீர் அவர் வேட்டிமேல் கொட்டியது. மதினிதான் வேலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து குழாயை அடைத்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டு அடியைச் சொன்னேன், நூற்று நாற்பது அடியைச் சொன்னேன், ஊத்துகளைச் சொன்னேன். அப்பா வீட்டுக்காரரைப் பார்த்து மோட்டாரைப் போடச் சொன்னார். போர்க் குழாயில் வந்த தண்ணீரை ஒரு வாய் அள்ளினார். துப்பாமல் விழுங்கினார்.

“இதையா தெருவுக்குள்ள விட்டோம்?”

“ஆமாப்பா.”

“எத்தன நாளா இவுக சொமக்குறாக?”

“ஆறு மாசமா.”

“எனக்கு ஏன் தாயி சொல்லல?”

அவர் வருத்தப்படுவார் என்பதால் சொல்லவில்லை என்றுதான் நானே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தபோது வேறு வந்தது. “சொன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்கப்பா” என்றேன்.

அப்பா வேலியோரம் நின்ற பெண்களைப் பார்த்துக் கும்பிடக் கையைத் தூக்கினார், அது பாதியில் நின்றுவிட்டது. அத்தை சோறு போட்டார். தட்டுக்குப் பக்கத்தில் சொம்பு வைத்தார். அப்பா சோற்றைப் பிசைந்தார், சொம்பைத் தொடவில்லை.

“அண்ணே, ஒங்களுக்குன்னு சொமந்தது. ஒங்க காலுக்கும் முருங்கக் கொம்புக்கும் போனது போகட்டும், இதையாவது குடிங்க” என்றார் அத்தை.

குடித்தார். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினார். இனி வரமாட்டார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஒரு உண்மையைச் சொல்லி அப்பாவைத் துரத்தியாகிவிட்டது, தெருத் தண்ணீரையும் கெடுத்தாகிவிட்டது, இரண்டு பக்கமும் வெறுங்கை. அன்றைக்கு நன்றாக அழுதேன்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் வாசலில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் அப்பா நிற்கிறார். இரண்டு கையிலும் இரண்டு கேன். கேன் கயிறு அறுத்து உள்ளங்கை சிவந்திருந்தது. எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியில் பிடித்த தண்ணீர். குஜிலியம்பாறையில் ஏற்றி, திண்டுக்கல்லில் இறக்கி ஏற்றி, மதுரையில் இறக்கி ஏற்றி, ராமநாதபுரத்திலும் இறக்கி ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். வழியில் ஒரு கண்டக்டர், “தண்ணிக்கெல்லாமா பெருசு லக்கேஜ் போடுவாங்க?” என்று சண்டை பிடித்தாராம்.

“தெருவுக்குக் குடு” என்றார்.

“இது எத்தனை வீட்டுக்குப்பா வரும்?”

“வர்ற வரைக்கும் குடு.”

அவரே ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொம்பை வாங்கி ஊற்றினார். வாங்க மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. எதிர்வீட்டு மதினி அந்த இடத்திலேயே ஒரு மடக்குக் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

“ஏய்யா, இந்தத் தண்ணியக் குடிச்சா வளந்தா ஒங்க மக? அதான் அவ வாயி இப்புடி.”

“ஆமாத்தா. இதுல பருப்புக்கூட வேகாது” என்றார் அப்பா. “எங்க ஊர்ல இருக்கறது இதுதான்.”

மதினி சிரித்துவிட்டார். மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்தார். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசல் வழியாகப் போகும்போது, “குடத்த எடுத்துட்டு வா, பொழுது போகுதுல்ல” என்று என்னைக் கூப்பிட்டார். ஏழு மாதத்துக்குப் பிறகு அவரோடு சேர்ந்து நடந்தேன். என் கால் தரையில் பாவவில்லை என்று சொன்னால் யாரும் சிரிக்கக் கூடாது.

ஐப்பசியில் மழை பெய்தது. கார்த்திகையில் இன்னொரு மழை. பள்ளத்தில் புது இடம் பார்த்துத் தோண்டினோம், ஒரு முழம் தோண்டியதுமே நிறுத்திக்கொண்டோம். முதல் நாள் கரித்தது. ஒரு வாரத்தில் தேறிவிட்டது. ஊத்துக்குள் குந்தி அள்ளிக்கொண்டே மதினி, “உங்கப்பன் எப்ப வாராரு?” என்று கேட்டார்.

தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மேட்டில் ஏறி நின்று போன் போட்டேன்.

“தெருவுல கேக்குறாங்கப்பா, எப்ப வாரீங்கன்னு.”

“தண்ணி கொண்டாரணுமா?”

“வேணாம்ப்பா. ஊத்து இனிச்சிருச்சு.”

அத்தையிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். என் பேச்சை இனி நம்ப மாட்டார், அது நியாயம்தான். பக்கத்தில் மதினிதான் இருந்தார், அவரிடம் கொடுத்தேன். மதினி, “நெசந்தான்யா, நெசந்தான்” என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்பாவின் பக்கத்தில் ஆடு கத்துவது கேட்டது.

“அப்ப கையில ஒண்ணும் இல்லாம, ஒரு சோலியும் இல்லாம, சும்மாவா வர்றது?” என்றார்.

“சும்மாதாம்ப்பா.”

“சும்மா வரலாமா தாயி?”

“வரலாம்ப்பா” என்றேன்.